நாழிச் சோறு உண்ட மன்னர்

புத்தர் காலத்தில் கோசல நாட்டை ஆண்டவர் பசேநதி. சிராவஸ்தி அவர் தலைநகரம். பாலி மொழியில் உள்ள சம்யுத்த நிகாயத்தில் இவரைப் பற்றி ஒரு சின்னச் செய்தி இருக்கிறது. போரைப் பற்றியதல்ல, சாப்பாட்டைப் பற்றியது.

மன்னர் ஒரு துரோணம் அரிசிச் சோறு சாப்பிடுவாராம். ஒரு துரோணம் என்பது 16 நாழி. கதையில் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் வயிறு முட்ட உண்டுவிட்டு, மூச்சு வாங்க புத்தரைப் பார்க்க வந்தார். புத்தர் கடிந்துகொள்ளவில்லை. அளவறிந்து உண்பவனுக்கு உபாதை குறையும், மூப்பு மெதுவாக வரும் என்ற கருத்தில் ஒரு செய்யுள் மட்டும் சொன்னார்.

மன்னர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கூட வந்திருந்த சுதர்சனன் என்ற இளைஞனை அந்தச் செய்யுளை மனப்பாடம் செய்யச் சொன்னார். தினமும் சாப்பாட்டு வேளையில் அதைச் சொல்ல வேண்டும். கூலி நாளுக்கு 100 காசு. இலைக்கு முன் உட்கார்ந்தால் தன் உறுதி நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தம்மபத உரை இன்னும் விவரம் தருகிறது. கடைசிக் கவளத்தை எடுக்கும்போது செய்யுள் காதில் விழும். மன்னர் அதை வைத்துவிடுவார். அந்தக் கவளத்தின் அளவு அரிசியை மறுமுறை உலையில் குறைத்துவிடுவார்கள். இப்படிப் படிப்படியாக ஒரு நாழிக்கு இறங்கினார். உடம்பு இளைத்து லேசானது.

இதில் பட்டினி கிடையாது. ஞானம் பெறுமுன் புத்தரே எலும்பும் தோலுமாகும்வரை உண்ணாமல் கிடந்து, அது வழியல்ல என்று விட்டவர். பிக்குகள் நண்பகலுக்குமேல் உண்ணக் கூடாது என்று விதித்தார். ஆனால் பகல் உணவை விலக்கவில்லை. நம் மணிமேகலையும் பௌத்தக் காப்பியம்தான். அதில் அமுதசுரபி பசித்தவருக்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்கிறது. இல்லாதவனுக்குச் சோறு, இருப்பவனுக்கு அளவு: இரண்டும் ஒரே தர்மம்.

நம் வயதில் வேலை குறைந்துவிட்டது, நடை குறைந்துவிட்டது. தட்டு மட்டும் நாற்பது வயதில் இருந்தபடியே இருக்கிறது. திடீரென்று இராச்சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அப்படிச் செய்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடலாம். மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். ஒரு கவளம் குறைப்பதில் தொடங்கலாம்.

"போதுமே, இன்னும் எதுக்கு?" என்று வீட்டில் யாராவது சொன்னால் நமக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. பசேநதி அதைச் சொல்வதற்கென்றே தினம் 100 காசு கொடுத்தார். நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது.