ஆல் வெதர் டயரும் எங்க ஊர் வெதரும்

பாரூர்ப் பக்கம் பிக்கப் வண்டிக்கு டயர் மாத்தற யோசனை பெரும்பாலும் மாம்பழ சீசனை ஒட்டித்தான் வரும். மே, ஜூன்ல தோப்புலேர்ந்து கிருஷ்ணகிரி கூழ் ஃபேக்டரிகளுக்கு லோடு ஓடணும். தார் கொதிக்கிற அதே மாசத்துலதான் முதல் மழையும் இறங்கும். ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் தண்ணியோட சேர்ந்து வழுக்கும். பின்னாடி ஒரு டன் மாங்காய், முன்னாடி திடீர்னு பிரேக் போடற லாரி... டயர் சரியில்லைன்னா அவ்வளவுதான்.

எங்க மாமா பையன் டோஸ்ட் வச்சிருக்கார். (2011ல நம்ம ஓசூர் அசோக் லேலண்ட் ஆலைலேர்ந்து வந்த வண்டி அது. அப்போ நிசானும் கூட்டாளி.) "ஆல் வெதர்னு ஒண்ணு இருக்காமே, அதைப் போட்டுடலாமா?"ன்னு கேட்டார். அந்தப் பேர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்த்தா பதில் தானா வருது.

1910கள்லயே அமெரிக்காவுல குட்இயர் கம்பெனி, வைரக்கட்டம் போட்ட டயரை 'ஆல் வெதர்'னு விளம்பரம் பண்ணி வித்தது. அன்னிக்கு அங்கேயும் பெரும்பாலும் மண் ரோடுதான். சேத்துல வழுக்காம இருக்கிறதுதான் அந்தப் பேருக்கு அர்த்தம். அப்புறம் பனி நாடுகள் உள்ளே வந்தாங்க. 1934ல பின்லாந்துல உலகத்தின் முதல் பனிக்கால டயரைப் பண்ணினாங்க. அதுவும் காருக்கு இல்லீங்க, லாரிக்கு! 1977ல குட்இயரோட டியெம்போ வந்தது. கோடையிலயும் குளிர்லயும் கழட்டாம ஓட்டலாம்ங்கிற டயர். 1999ல மூணு சிகர மலைக்குள்ள பனித்துளி போட்ட முத்திரை வந்தது. இன்னிக்கு வெளிநாட்டுல ஆல் வெதர்னா இந்த முத்திரை இருக்கணும். அதாவது, கடுங்குளிர்லயும் இறுகாத மெத்து ரப்பர். நம்ம நாப்பது டிகிரி தார்ல, லோடோட, அந்த மெத்து ரப்பர் சீக்கிரமே தேஞ்சுடும்.

அந்நிய டயர் இங்க ஒத்து வராதுங்கிறது புதுசு இல்ல. 1946ல திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையில பொம்மை பலூன் பண்ண ஆரம்பிச்ச மாம்மென் மாப்பிள்ளை, 1952ல ரீட்ரேடிங் ரப்பருக்கு வந்தார். 1961ல அமெரிக்க மேன்ஸ்ஃபீல்டு கூட்டுல டயர் பண்ணத் தொடங்கினார். அதுதான் எம்ஆர்எஃப். அந்த அமெரிக்கத் தொழில்நுட்பம் நம்ம ரோட்டுக்கும் லோடுக்கும் சரிப்படாம, சொந்தமா ஆராய்ச்சிக்கூடம் வச்சு மாத்த வேண்டியதாப் போச்சு. பலூன்காரர் கத்துக்கிட்ட பாடத்தை நாம திரும்பக் காசு கொடுத்துப் படிக்கணுமா என்ன? :-)

சரி, மாமா பையனுக்கு என்ன சொன்னேன்? பேரைப் பார்க்காதீங்க, டயர் பக்கவாட்டுல எழுதினதைப் படிங்கன்னேன். முதல்ல கம்பெனி சொன்ன அளவும் லோடு எண்ணும். அதே அங்குலத்துல கார் டயரும் டிஸ்க்ல உட்காரும், ஆனா பாரம் தாங்காது. அப்புறம் 'பிஆர்'. அந்தக் காலத்துல டயருக்குள்ள இருந்த பருத்தி நூல் அடுக்கோட எண்ணிக்கை அது. பருத்தி போய் ரேயான், நைலான்னு வந்தாச்சு, அடுக்கும் குறைஞ்சாச்சு, கணக்கு மட்டும் நின்னுடுச்சு. 8 பிஆர்னா எட்டு அடுக்குன்னு அர்த்தம் இல்ல. பழைய எட்டு பருத்தி அடுக்கு தாங்கின பாரத்தைத் தாங்கும், அவ்வளவுதான்.

பட்டன் விஷயத்துல கொஞ்சம் சண்டை. தோப்புச் சேத்துல ஏறணும், நாலுக்கும் முரட்டு பட்டன்தான் வேணும்னார். ஓட்டத்துல முக்காவாசி தார் ரோடு. முன்னாடி நேர்க்கோடு போட்ட ரிப்தான் மழையில தண்ணியை ஒதுக்கி ஸ்டியரிங்கைக் கையில வச்சிருக்கும். பின்னாடி வேணா அரை முரடு போட்டுக்கலாம்னு முடிவாச்சு. ஈர ரோட்டுப் பிடிப்புக்குன்னு நம்ம சட்டம் அளவு வச்சதே ரொம்ப லேட்டு. 2022 அக்டோபர்லேர்ந்து புது வடிவமைப்பு டயர்களுக்கு, அடுத்த வருஷத்துலேர்ந்து பழைய வடிவமைப்புக்கும்.

தேதியும் பார்த்துக்குங்க. 2000லேர்ந்து அது நாலு இலக்கம். 2319னு இருந்தா 2019ல இருபத்திமூணாவது வாரம் பண்ணினது. கடை மூலையில வருஷக்கணக்கா வெயில் வாங்கின டயரை 'புது ஸ்டாக்'னு எடுத்துக் கொடுத்தா, அந்த நாலு எழுத்தைக் காட்டி அங்கேயே வச்சுடச் சொல்லுங்க.