பப்பாசிக்காயும் பங்கூடுபுகவிடும் மென்சவ்வும்

எமது பாடசாலையின் நூற்றாண்டு வரலாற்றை எழுதுவோர் அதிபர்களையும் கட்டடங்களையும் தவறாது குறிப்பிடுவர். 1990இன் பின் விஞ்ஞானகூடம் வெறுமையாய்க் கிடந்த ஆண்டுகளில் நாங்கள் எப்படி விஞ்ஞானம் படித்தோம் என்பதும் பதிவாக வேண்டும்.

தமிழில் விஞ்ஞானம் வாசிப்பது யாழ்ப்பாணத்திற்குப் புதிதல்ல. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875இலேயே வெளிவந்தது. ஆயினும் தமிழில் இருப்பதால் மட்டும் ஒரு பந்தி விளங்கிவிடுமா? 1994இல், ஆண்டு ஒன்பதில், பிரசாரணம் பற்றிய பந்தியை மனனம் செய்தேன்; ஒன்றும் விளங்கவில்லை. 'பங்கூடுபுகவிடும் மென்சவ்வு' என்று சொல்லவே வாய் நோகும். விஞ்ஞானம் எனக்குச் சரிவராது என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

பொருளாதாரத் தடைக்காலம் அது. மின்சாரமில்லை. இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. புத்தகத்திலுள்ள 'செயற்பாடு'களைத் தாண்டிப் போனால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் ரீச்சர் தாண்டவில்லை. பப்பாசிக்காய் ஒன்றைத் தோல் சீவி, பாதியாக வெட்டி, கிண்ணம்போலக் குடைந்தார். சீனி விற்ற விலைக்குக் கறியுப்பைத்தான் கரைத்து உள்ளே ஊற்றினார். நீர்மட்டத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி, காயைத் தண்ணீர்க் கோப்பையில் வைத்தார். மறுநாட் காலை குண்டூசி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது.

அத்தோடு விடுவது அவர் வழக்கமல்ல. அதே பந்தியை மறுபடி வாசிப்பித்தார். ஒவ்வொரு வசனமும் எதைச் சொல்கிறது என்று தொட்டுக்காட்டச் சொன்னார். மென்சவ்வு எங்கே, செறிவு கூடியது எந்தப் பக்கம், நீர் எங்கிருந்து எங்கே போனது? தடுமாறினால் மீண்டும் வாசிக்க வேண்டும். செய்து பார்த்தது விளையாட்டாகப் போய்விடாமல் காத்தது இந்த இரண்டாம் வாசிப்புத்தான் என்பது என் எண்ணம்.

மின்கலம் குடாநாட்டிற்குள் வரத் தடை. ஆகவே மின் பற்றிய பாடத்திற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுழற்றினோம். வீட்டில் அண்ணா மிதித்து றேடியோவில் செய்தி கேட்ட அதே டைனமோ!

இன்று மருத்துவ மாணவருக்கு 0.9 வீத சேலைனை விளக்குகையில் அந்தக் குண்டூசிதான் நினைவில் வரும்.

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் என் செய்முறைக் கொப்பி போய்விட்டது. அக்காலக் கொப்பி எவரிடமாவது இருந்தால் சங்கத்திற்கு அனுப்பி வையுங்கள். பப்பாசிப்பால் கறை பட்டிருக்கும்.