குருவற்ற காலத்துத் திருச்சபை: ஒல்லாந்தர் ஆட்சியில் ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்க இல்லறத்தார்

சமய வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் குருமாரின் வரலாற்றையே எழுதி அமைகின்றனர். யார் வந்தார், எங்கே கோயில் எழுப்பினார், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் வழங்கினார் என்பனவே அவ்வரலாறுகளின் பொருளாகின்றன. குருமார் கடிதம் எழுதினர்; அறிக்கை அனுப்பினர்; அவர்தம் சபைகள் அவற்றைப் பேணின. அந்திப்பொழுதில் விளக்கேற்றி மக்களுக்குச் செபஞ் சொல்லிக் கொடுத்த தாய் எதனையும் எழுதி வைக்கவில்லை. ஆதலின் வரலாற்றில் அவளுக்கு இடமில்லாது போயிற்று.

எனினும் ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்க வரலாற்றில், இம்முறையால் விளக்க முடியாத காலப்பகுதி ஒன்றுண்டு. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1658ஆம் ஆண்டு தொடக்கம், ஆங்கிலேயரிடம் இலங்கை ஆட்சியை இழந்த 1796ஆம் ஆண்டு வரையுள்ள 138 ஆண்டுகளே அவை. இக்காலத்தின் முதல் 29 ஆண்டுகளில் வடபகுதி மக்கள் நிலையான குரு எவருமின்றியே வாழ்ந்தனர். பின்னர் வந்த குருமாரும் மிகச் சிலரே. அவரும் மறைந்து திரிந்தோரே. அவ்வாறாயின் இச்சமயம் எவ்வாறு அழியாது நின்றது? குருமார் காத்தனர் என்பது இவ்வினாவுக்குப் போதிய விடையாகாது. இல்லறத்தார் காத்தனர் என்பதும், அவர்கள் காத்தவற்றுள் நல்லனவும் அல்லனவும் கலந்திருந்தன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை

மன்னார் மக்கள் 1544ஆம் ஆண்டிற் கிறித்தவந் தழுவினர். பிரான்சிஸ் சவேரியார் தென்பாண்டிக் கரையிலே பணியாற்றிய காலம் அது. அதே ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் அவர்களுள் ஏறக்குறைய 600 பேர் கொல்லப்பட்டனர் என்பர். 1560இல் மன்னாரும் 1619இல் யாழ்ப்பாண இராச்சியமும் போர்த்துக்கேயர் வசமாயின. பிரான்சிஸ்கன் சபையினரும் இயேசு சபையினரும் ஊர்தோறுங் கோயில்களை எழுப்பினர்.

இக்காலத்து மதமாற்றம் முழுவதும் மனமாற்றமே எனக் கொள்வதற்கில்லை. அரச அச்சமும் பதவி விருப்பும் அதிற் பங்கு கொண்டன. சைவக் கோயில்கள் இடிக்கப்பட்டன. விரத நாளில் உண்ட வாழையிலையைக் கூரையிறப்பிற் செருகி மறைத்துத் தம் சமயத்தைக் காத்த சைவக் குடும்பங்களைப் பற்றிய செவிவழிச் செய்தி யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குவது. இதனை ஈண்டு நினைவு கூர்தல் தகும். ஆளுவோர் சமயத்துக்கு அஞ்சித் தம் சமயத்தை இல்லத்துள் ஒளித்த அனுபவம் முதலிற் சைவருக்கு வாய்த்தது. 1658இன் பின் அதே அனுபவம் கத்தோலிக்கருக்கும் வாய்த்தது. ஒரே மண்ணில், ஒரே வகையான வீடுகளில், இரு சமயத்தாரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே பாடத்தைக் கற்றனர்.

சட்டமும் தோம்பும்

ஒல்லாந்தர் ஆட்சி தொடங்கியதும் கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்கு இடமளிப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயர் கட்டிய கோயில்களே சீர்திருத்த சபையின் ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாறின. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பல்டேயஸ் பாதிரியார் இவ்வமைப்பை ஒழுங்குபடுத்தியவருள் முதன்மையானவர்.

ஆயின் மரணதண்டனையினும் நுட்பமான கருவி ஒன்று ஒல்லாந்தர் கையில் இருந்தது. அதுவே பாடசாலைத் தோம்பு. பிறப்பும் ஞானஸ்நானமும் திருமணமும் அதிற் பதியப்பட்டன. சீர்திருத்த சபையின் முறைப்படி பதியப்படாத மணம் சட்டப்படி மணமாகாது. அம்மணத்திற் பிறந்த பிள்ளைக்கு முதுசம் சேர்வதும் ஐயத்துக்குரியதாயிற்று. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் இறுத்தனர். எனவே நெருக்கடி விழுந்த இடம் கோயிலன்று, குடும்பமே. பிறப்பு, மணம், காணி ஆகிய மூன்றையும் ஆட்சி தன் கையில் எடுத்துக்கொண்டது.

இதற்கு மக்கள் கண்ட வழி இரட்டை வாழ்க்கையாகும். பிள்ளையை ஒல்லாந்தர் ஆலயத்துக்குக் கொண்டு சென்று பதிவித்தனர். வீட்டிலே கத்தோலிக்க முறையில் வளர்த்தனர். தோம்பின் பொருட்டு ஒரு முறையும், மறைவாக வந்த குருவின் முன் மறுமுறையும் மணஞ் செய்தனர். இதனை வஞ்சகம் எனச் சிலர் இகழக்கூடும். தம் பிள்ளையின் நிலத்தையும் ஆன்மாவையும் ஒருங்கே காக்க வேண்டியிருந்த ஓர் உழவனுக்கோ கடற்றொழிலாளிக்கோ வேறு வழி எது என்பதை அவ்வாறு இகழ்வோர் கூறல் வேண்டும். இவ்வழி பயனற்றுப் போகவில்லை என்பதற்குப் பிற்கால நிகழ்ச்சியே சான்று. ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும், தோம்பிலே பெருந்தொகையினராகக் காணப்பட்ட தமிழ்ச் சீர்திருத்த சபையினர் சில ஆண்டுகளுட் பெரும்பாலும் மறைந்தொழிந்தனர். தோம்பில் இடம்பெறாத கத்தோலிக்கரோ எஞ்சி நின்றனர்.

இல்லத்துள் நிலைத்த வழிபாடு

கோயிலில் நிகழும் பூசைக்குக் குரு இன்றியமையாதவர். ஆயின் கத்தோலிக்க வாழ்வின் பிற கூறுகள் பலவற்றுக்கு அவர் இன்றியமையாதவரல்லர். அவசர வேளையில் ஞானஸ்நானத்தை எவரும் வழங்கலாம். மரிக்குந் தறுவாயிற் குரு கிடையாவிடின் உத்தம மனஸ்தாபம் பாவசங்கீர்த்தனத்தின் இடத்தை நிரப்பும் என்பது திருச்சபையின் போதனை. செபமாலைக்கு நூலும் வேண்டா, எழுத்தறிவும் வேண்டா. மணிகளை உருட்டும் விரல்களே போதும். ஓலையோ சிலையோ அகப்பட்டாற் குற்றமாகும். நெஞ்சிற் பதிந்த மந்திரத்தை எந்தக் காவலனும் பறிமுதல் செய்ய முடியாது.

இவ்வாறு சமயத்தின் காலக்கணக்கு கோயில் மணியிலிருந்து வீட்டு வேலையின் ஒழுங்குக்கு மாறியது. விடியலிலும் உச்சியிலும் அந்தியிலும் சொல்லும் திரிகால செபம், விளக்கு வைத்தபின் குடும்பமாக முழந்தாளிட்டுச் சொல்லும் செபமாலை, வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கல், தவக்காலத்து ஒறுத்தல் ஆகியன நாளையும் ஆண்டையும் வகுத்தன. குழந்தைக்கு முதலிற் கற்பிக்கும் செயல் நெற்றியிற் சிலுவை வரைதலாயிற்று. இவற்றைக் கற்பித்தவர் தாயும் பேர்த்தியுமே. ஆகவே இக்காலத்து வேதபோதகர் யாரென வினவின், பெண்களே என விடை கூறல் மிகையாகாது.

வீடு தாங்காத இடத்துக் காடு தாங்கிற்று. மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தை 1670ஆம் ஆண்டளவில் இருபது குடும்பத்தார் வன்னிக் காட்டுக்குக் கொண்டு சென்றனர் என்பது மருதமடுத் திருத்தலத்தின் மரபு. சுரூபத்தைக் கொண்டு சென்றோராக அம்மரபு குறிப்பது குருமாரையன்று, குடும்பங்களையே என்பது நோக்கற்பாலது.

யோசப் வாஸ் கண்ட மக்கள்

1687ஆம் ஆண்டு கோவையைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் கூலியாளர் கோலத்தில் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தார். நோயுற்றுக் கிடந்த அவரைப் பெண்ணொருத்தி கஞ்சி வார்த்துக் காத்தாள் என அவர் சரிதம் கூறும். உடல் தேறியபின் அடிகளார் கழுத்திற் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அம்மாலையைக் கண்டோர் முகத்தில் எழும் குறிப்பைக் கொண்டே கத்தோலிக்கரை அடையாளங் கண்டார். பின்னர் சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று.

இந்நிகழ்ச்சியை அடிகளாரின் துணிவுக்குச் சான்றாகவே எழுதுவர். அது உண்மையே. ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 29 ஆண்டுகளாகக் குருவைக் காணாத ஊரிலே ஒரு செபமாலை அடையாளமாகப் பயன்பட்டதெனின், அதனை அறிந்தோர் அங்கே இருந்தனர் என்பதே பொருள். முப்பது அகவைக்குட்பட்டோர் எவரும் கோயிலில் அதனைக் கற்றிருக்க இயலாது. அடிகளார் அவிந்த நெருப்பை மூட்டியவரல்லர். நீறு பூத்துக் கிடந்த நெருப்பை ஊதிப் பெருக்கியவர்.

அவருக்கு இடமளித்தோர் அதற்குரிய விலையையுங் கொடுத்தனர். 1690ஆம் ஆண்டு நத்தார் இரவில் மறைவாகக் கூடியிருந்தோரை ஒல்லாந்தர் சுற்றி வளைத்துச் சிறைப்பிடித்தனர். தொன் பேதுரு என்பார் அடியுண்டு மாண்டார். வேறு சிலர் சிறையிற் கடுந்தொழிலுக்கு உட்படுத்தப்பட்டனர். குரு தப்பினார், இல்லறத்தார் அகப்பட்டனர். 1692இல் அடிகளார் கண்டிக்குச் சென்று, அங்கிருந்து தம் பணியை நடத்தி, 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் நாள் இறையடி சேர்ந்தார். 2015ஆம் ஆண்டு கொழும்பில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். தொன் பேதுருவின் பெயரை அறிந்தோர் சிலரே.

அடிகளாரும் அவர் வழிவந்த கோவைக் குருமாரும் இல்லறத்தாரின் ஆற்றலை அறிந்தே செயற்பட்டனர். ஊர்தோறும் மூப்பர் கோயிற் காரியங்களை மேற்பார்த்தார். அண்ணாவியார் செபமும் ஞானோபதேசமும் கற்பித்தார். சங்கிலித்தாம் வழிபாட்டுப் பொருள்களைப் பேணினார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபஞ் சொல்லுதலும், நோயாளரை நன்மரணத்துக்கு ஆயத்தஞ் செய்தலும், இறந்தோரை அடக்குதலும் இவர்கள் தலையிலேயே விழுந்தன. ஆண்டிற் சில நாள் வந்து போகும் குரு, இவர்கள் நட்ட பயிரை அறுவடை செய்தார் எனலாம்.

மொழியும் இலக்கியமும்

யாழ்ப்பாணத்து வீட்டுப் பொருள்கள் பலவற்றுக்குப் போர்த்துக்கேயப் பெயர்களே நிலைத்தன. கதிரை, அலுமாரி, யன்னல், குசினி, வாங்கு என்பன சில. ஆயின் செபங்களின் முதன்மைச் சொற்கள் அவ்வாறு அமையவில்லை. 1578இல் அச்சான நூல் இறைவனைத் தம்பிரான் என்றது. பின்னர் சருவேசுரன் என்னுஞ் சொல் வழக்கூன்றியது. குருசு, பசாம் போன்ற சில சொற்கள் நீங்கலாகச் செபமொழி தமிழாகவும் தமிழில் வழங்கிய வடமொழியாகவுமே இருந்தது. அந்நியர் தந்த கதிரையில் அமர்ந்தோர், அந்நியர் தந்த சமயத்தைத் தம் மொழியிலே வழிபட்டனர். தாய் கற்பிக்கும் மொழியில் அமையாத செபம் 138 ஆண்டுகள் நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

இலக்கியத்திலும் இல்லறத்தார் பங்கு பெரிது. 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் கிளாலிச் சந்தியாகப்பர் மீது சந்தியோகுமையோர் அம்மானையை யாத்தார். ஒல்லாந்தர் காலத்திற் பூலோகசிங்க முதலியார் திருச்செல்வர் காவியம் இயற்றினார். யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் குருவின் ஆக்கமாயினும், தவக்காலத்தில் அதனை இராகத்தோடு வாசித்து ஊரை அழவைத்தோர் ஊர்ப் பெரியவர்களே. அண்ணாவியார் பழக்கிய நாட்டுக்கூத்தும் மன்னாரின் வாசாப்பும் எழுத்தறியாதோருக்குப் புனிதர் சரிதங்களை எடுத்துரைத்தன.

இல்லம் காத்த பிறவும்

இதுகாறும் கூறியவற்றால் இல்லறத்தாரைப் புகழ்ந்து அமைவது ஆய்வாகாது. இல்லம் எதனையும் தெரிந்தெடுத்துக் காப்பதில்லை. தன்னிடம் உள்ள யாவற்றையும் சேர்த்தே காக்கிறது. செபமாலையைக் காத்த அதே இல்லம் சாதியையும் காத்தது. ஞானஸ்நானத் தொட்டியில் யாவரும் ஒன்றெனக் கற்றவர், மணப் பேச்சில் அதனை மறந்தனர். ஒல்லாந்தர் 1707இற் சட்டமாக்கிய தேசவழமை கூறும் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் வகுப்புகள் கத்தோலிக்கக் குடும்பங்களையும் ஆண்டன. சீதனம் இன்றிக் கன்னியாய் முதிர்ந்த பெண், செபமாலை சொல்லுவதில் மட்டுமே சமத்துவங் கண்டாள். சாதிக்கொரு கோயில் எழுந்த ஊர்களும், திருநாளிற் கூடு தூக்கும் உரிமைக்காகப் பிணங்கிய ஊர்களும் உண்டு.

குருவற்ற காலத்தில் மூப்பராயிருந்தோர் பெரும்பாலும் ஊரிற் செல்வாக்குடையோரே. ஆகவே இல்லறத்தார் தலைமை என்பது மக்கள் யாவரின் தலைமை அன்று. இதனை மறைப்பின், குருமார் புகழை மட்டும் எழுதியோர் செய்த பிழையையே வேறொரு வடிவிற் செய்தவராவோம்.

ஒல்லாந்தருக்குப் பின்

1806ஆம் ஆண்டு ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத்தடைகளை நீக்கினார். 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் இலங்கை வந்தனர். 1868 முதல் 1883 வரை யாழ்ப்பாணத்தில் ஆயராயிருந்த பொஞ்சீன் ஆண்டகை கோயில், பாடசாலை, அச்சகம் ஆகியவற்றை உறுதியாக நிறுவினார். 1876இற் சத்தியவேத பாதுகாவலன் வெளிவரத் தொடங்கியது. கல்வியும் ஒழுங்கும் பெருகின. ஆனால் மூப்பரும் அண்ணாவியாரும் படிப்படியாகக் குருவின் ஏவலாளராயினர். முன்னர் செபத்தை நடத்தியோர், பின்னர் செபத்துக்கு வருவோராயினர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இற் குடும்பத்தை இல்லத் திருச்சபை எனக் குறித்தது. 1965இற் பொதுநிலையினரின் பணி பற்றித் தனி ஏடு ஒன்றை வெளியிட்டது. பலருக்கு இவை புதுமைகளாகத் தோன்றின. தோம்புக் காலத்து யாழ்ப்பாணத் தாய்க்கு இவற்றுட் புதுமை யாதுமில்லை. அவள் வாழ்ந்ததற்கு மூன்று நூற்றாண்டின் பின் பெயரிடப்பட்டது, அவ்வளவே.

போரும் இடப்பெயர்வும் அதே வினாவை மீண்டும் எழுப்பின. 2008ஆம் ஆண்டு மடு மாதா சுரூபம் போரின் காரணமாகத் தேவன்பிட்டிக்குப் பெயர்ந்து மீண்டது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் பொதுப் பூசைகள் சில வாரம் நிறுத்தப்பட்டபோதும், 2020இற் பெருந்தொற்றால் கோயில்கள் மூடப்பட்டபோதும், வழிபாடு வீட்டினுட் புகுந்தது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. முன்னோர் வீட்டிற் செபத்தை நடத்தினர். நாம் தொலைக்காட்சியில் நடந்ததைப் பார்த்திருந்தோம். நெஞ்சிற் பதிந்தது எவ்வளவு என்பது அந்நாள்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்கும்.

ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கம் அந்நியர் வைத்துச் சென்ற பொருளன்று. அந்நியர் கொணர்ந்ததைத் தமிழ்க் குடும்பங்கள் 138 ஆண்டு தம் செலவிலே காத்துத் தமதாக்கிக் கொண்டன. அதன் சிறப்பு அவர்களுடையது. அதனுடன் ஒட்டி வந்த சாதியும் சீதனமும் அவர்களுடையனவே. முன்னதற்கு உரிமை கொண்டாடுவோர் பின்னதற்கும் பொறுப்பேற்றல் வேண்டும். இல்லத்தில் தொடங்கிய சமயத்தின் சீர்திருத்தமும் இல்லத்திலேயே தொடங்குதல் முறையாகும்.