கால்வாய்

கால் + வாய். உடலுறுப்பு, காற்று என்பவற்றோடு நீரோடும் வழி என்ற பொருளும் ‘கால்’ என்பதற்கு உண்டு; ‘வாய்’ திறப்பு. இடம் மாறினால் வாய்க்கால். சோழர் கல்வெட்டுகள் நில எல்லையை வாய்க்காலை வைத்தே பலவிடங்களில் குறிக்கின்றன. திருப்பூர் மாவட்ட உழவர் பேச்சில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் அன்றாடச் சொல்.

பல் மருத்துவத்தில் ‘கீழ்த்தாடைக் கால்வாய்’: தாடையெலும்பின் உட்புறத் துளையில் தொடங்கி, கடைவாய்ப் பற்களின் வேருக்கு அடியில் சென்று, மோவாய்த் துளையில் வெளிப்படும் எலும்புக்குழல். கீழ்ப்பற்களுக்கும் கீழுதட்டுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு இதனுள் செல்கிறது.

கிளை வாய்க்கால் போலச் சிலருக்கு இது இரண்டாகப் பிரியும். அவர்களுக்கு மரப்பு ஊசி முழுதாகப் பிடிக்காமல் போகலாம். சிலருக்கு ஞானப்பல்லின் வேரை உரசியபடி ஓடும். பிடுங்கும்போது நரம்பு நசுங்கினால் கீழுதடு மரத்துப்போகும், அரிதாக நிரந்தரமாகவே. செயற்கைப் பல்லுக்குத் திருகு பதிக்கையில் கால்வாய்க்கு மேல் 2 மி.மீ. எலும்பாவது விடுவது நெறி.

சாதாரண எக்ஸ்ரே தட்டைப் படம்தான். வேரும் கால்வாயும் ஒட்டித் தெரிந்தால், முப்பரிமாண சி.பி.சி.டி. ஸ்கேன் இடைவெளியைத் தெளிவாக்கும். பனியன் கம்பெனி ஷிப்டுக்கு இடையில் ஞானப்பல் எடுக்க வருபவரும் “நரம்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, டாக்டர்?” என்று கேட்டுவிட்டே நாற்காலியில் சாய வேண்டும்.