குலுக்கினால்தான் கேஸ் ஏறும்: பீர் தொட்டியிலிருந்து கோலி சோடா வரை

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. புது ரெசிபி ஒன்றைச் சோதிக்க, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் பீரை ஊற்றி, நன்றாகக் குளிரவைத்து, மூடி வழியாக சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை ஏற்றி, கையால் குலுகுலுன்னு குலுக்குவாங்க. ஈஸ்ட் தானாகவே நுரையை உண்டாக்கணும்னா ஒன்றிரண்டு வாரம் காத்திருக்கணும். இப்படிக் குலுக்கினா சில நிமிஷத்தில் வேலை முடிஞ்சிடும். இதற்குப் பேர் ஃபோர்ஸ் கார்பனேஷன்.

தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதனால யாரும் கிளம்பிடாதீங்க. ஆனா அந்தக் குலுக்கல் நம்ம ஊருக்குப் புதுசே இல்லை. மயிலாப்பூரில் அறுபத்து மூவர் கூட்டத்தில் நின்று நீங்க குடிச்ச கோலி சோடா அதே டெக்னிக்தான். சொல்லப்போனா, அந்த டெக்னிக் பிறந்த இடமே ஒரு பீர் தொட்டிக்குப் பக்கத்தில்.

1767. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். புளிக்கும் தொட்டிகளுக்கு மேலே ஒரு கனமான காற்று தங்கி நிற்பதைக் கவனித்தார். அந்தக் காற்றுக்குள் வைத்து, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார், நம்ம டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரி. தண்ணீர் சுள்ளென்று ஆனது. 1772இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் பீர் தொட்டியே இல்லை. சுண்ணக்கட்டியில் அமிலம் ஊற்றி, வரும் கேஸை ஒரு தோல்பையில் பிடித்து, தண்ணீருக்குள் விட்டுக் குலுக்கச் சொன்னார். கப்பல் மாலுமிகளின் ஸ்கர்வி நோய் இதில் குணமாகும் என்று நம்பினார். ஆகவில்லை. சோடா மட்டும் மிஞ்சியது.

ஏன் குலுக்கணும்? தண்ணீரும் கேஸும் தொட்டுக்கொள்ளும் பரப்பில்தான் கேஸ் கரையும். குலுக்கும்போது அந்தப் பரப்பு பல மடங்காகிறது. இன்னொன்று, குளிர்ச்சி. சாதாரண காற்றழுத்தத்தில், பூஜ்யம் டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கேஸைப் பிடித்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 0.7 லிட்டருக்கும் கீழே போயிடும். பீருக்குத் தேவைப்படுவது சுமார் 2.5 லிட்டர். 4 டிகிரியில் ஏற்றுவதைவிட சென்னை வெயிலில் ஏற்ற இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் வேணும். திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸுக்கு, 1840களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்து இறங்கியதை இதோடு சேர்த்து யோசிச்சுப் பாருங்க. அது கோட்டையிலிருந்த துரைமார்களின் குவளைக்குப் போனது. நம்ம தெருவுக்கு வேறு வழி தேவைப்பட்டது: அழுத்தம்.

அழுத்தத்தை அடைக்கத்தான் கோலி. லண்டனில் ஹைரம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. ஜப்பானில் அனிமே பிள்ளைகள் குடிக்கிற ராமுனேவும் அதே பாட்டில்தான். தெருமுனை சோடா மெஷினைப் பார்த்திருக்கீங்களா? இரும்புச் சட்டத்தில் மூன்று நான்கு பாட்டில்களை மாட்டி, கேஸ் குழாயைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார்கள். அந்தச் சுற்றுதான் குலுக்கல். நிறுத்தும்போது பாட்டில்கள் தலைகீழாக நிற்கும். கோலி கழுத்துக்கு உருண்டு வரும், உள்ளே இருக்கும் கேஸே அதை ரப்பர் வாஷரோடு அழுத்திப் பூட்டிவிடும். தனியாக மூடி வேண்டாம், கார்க் வேண்டாம். ஒரு தடவைக்கு மூன்று நான்கு பாட்டில். இதைவிடச் சின்ன ‘டெஸ்ட் பேட்ச்’ எங்கே இருக்கு?

இதில் நாம் பேசாத ஒரு விஷயம் உண்டு. அந்த இரும்புச் சட்டமும் கம்பி வலையும் அழகுக்கு வந்ததில்லை. பாட்டிலில் ஒரு கீறல் இருந்தால் போதும், சுற்றும்போதே வெடிக்கும். கண்ணாடிச் சில் கண்ணுக்கோ மணிக்கட்டுக்கோ போகும். 1950ஆம் ஆண்டின் மெட்ராஸ் தொழிற்சாலை விதிகளில் ‘ஆபத்தான தொழில்கள்’ என்று ஒரு பட்டியல் இருக்கு. பேட்டரி, குரோமியம் முலாம் இதோடெல்லாம் சோடா தயாரிப்பும் அதில் வரும். மெஷினுக்கு வேலி, வேலை செய்கிறவருக்கு முகமூடி, கையுறை கொடுக்கணும்னு சொல்லுது. படிச்சப்போ எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, அப்புறம் வரல. அந்தக் காலத்தில் மின்சாரம் இல்லாத இடத்தில் 20 பேர் வேலை பார்த்தால்தான் அது பொதுவாக ‘தொழிற்சாலை’ கணக்கில் வந்தது. அண்ணனும் தம்பியுமாக ஒரு கொட்டகையில் கைப்பிடி சுற்றினால் அந்த விதி எட்டிப் பார்க்கவில்லை. கையில் கோணித் துணியைச் சுற்றிக்கொண்டு சுற்றியவர்கள்தான் நமக்கு ‘நாஸ்டால்ஜியா’ தந்தவர்கள்.

அதே அழுத்தத்துக்கு வேறு உபயோகமும் இருந்தது. பழைய அரசியல் கூட்டங்களில் பேச்சாளருக்குத் தொண்டை காய்ந்தால் மேடையில் சோடா உடைப்பார்கள். கூட்டத்தில் தகராறு வந்தால் அதே பாட்டில் பறக்கும். ‘சோடா பாட்டில் வீச்சு’ என்பது நம் செய்தித்தாள் தமிழில் ஒரு தனிச்சொல்லாகவே ஆனது.

1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனது, 1993இல் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து வணிகர் சங்கங்கள் அந்நியக் குளிர்பானங்களை விற்க மாட்டோம்னு சொன்னபோது போவோன்டோவும் பன்னீர் சோடாவும் மறுபடி முன்னால் வந்தன. இப்போ தி.நகர் கடைகளில் கிடைக்கிற லேபிள் ஒட்டிய கோலி சோடா பெரும்பாலும் ஆலைச் சரக்கு. அது கெடுதல்னு நான் சொல்ல மாட்டேன், கம்பி வலைக்குப் பின்னால் யாரோட கையும் இல்லையே. ஒரே ஒரு வேண்டுகோள்: கடைக்காரர் வெயிலில் அடுக்கி வைத்ததை எடுத்துக் கொடுத்தால், ‘அண்ணே, ஐஸ் பெட்டியில இருக்கிறதைக் கொடுங்க’ன்னு கேளுங்க. சூடான பாட்டிலைத் திறந்தால் பாதி கேஸ் உங்க சட்டையில்தான் போகும்.