மரத்துப் பாலும் மாட்டுப் பாலும்



விலங்குகள் நமக்கு என்னென்ன தருகின்றன என்று கேட்டால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட "பசு பால் தரும், எருது வண்டி இழுக்கும், ஆடு இறைச்சி தரும்" என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். சரிதான். ஆனால் நாம் வாழும் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு உருவானதில் மாட்டுக்கு என்ன பங்கு, நம்ம தாத்தா பாட்டி தலைநிமிர்ந்து வாழ்ந்ததில் அதற்கு என்ன பங்கு என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? பழந்தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்றொரு பொருள் உண்டு. இந்த மண்ணிலும் அது மெய்யானது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் நகரத்தைப் பார்ப்போம். 1881-ஆம் ஆண்டு கோலாலம்பூருக்குக் கெட்ட ஆண்டு. ஒரே ஆண்டில் தீயும் வெள்ளமும் வந்து, மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய வீடுகளை அழித்துவிட்டன. 1882-இல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். செங்கல் சூளைகள் எழுந்த இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது பாருங்கள்! அந்தச் செங்கல்லைச் சூளையிலிருந்து ஏற்றிச் செல்ல அப்போது லாரி ஏது? மாட்டுவண்டிதான். பேராக்கின் லாருட்டில் ஈயத்தை யானைகள் சுமந்தன. இங்கே பாரம் சுமந்தவை எருதுகள்.

1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவரை இரயில் ஓடத் தொடங்கியது. அதனால் மாட்டுக்கு ஓய்வு கிடைத்ததா? இல்லை. இரயில் தண்டவாளத்தில் மட்டுமே ஓடும். ஸ்டேஷனிலிருந்து கடைக்கும், சுரங்கத்திலிருந்து ஸ்டேஷனுக்கும் சாமான் போக மறுபடியும் மாட்டுவண்டிதான் வேண்டியிருந்தது. வரலாற்றுப் புத்தகங்கள் இரயிலைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. வண்டிக்காரரையும் அவருடைய ஜோடி எருதையும் பற்றி இரண்டு வரி எழுதினால் அதிகம்.

இனி நம்ம தோட்டத்துக்கு வருவோம். தோட்டத்தில் இரண்டு பால் இருந்தன. ஒன்று மரத்துப் பால். அது கம்பெனிக்குச் சொந்தம். காலையில் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, வாளி வாளியாகச் சேர்த்து ஸ்டோரில் ஊற்றினாலும், அதன் விலையை நிர்ணயித்தது லண்டன் சந்தை. மற்றொன்று மாட்டுப் பால். அது லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் கட்டிய மாட்டின் பால். அது நமக்குச் சொந்தம்! இந்த வேறுபாட்டை மாணவர்கள் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும்.

1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்து, ரப்பர் விலை விழுந்தது. கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்படிப்பட்ட காலங்களில் கூலியை மட்டும் நம்பிய குடும்பம் என்ன பாடுபட்டிருக்கும்! கொட்டகையில் ஒரு கறவை மாடு இருந்தவருக்கோ பிள்ளைகளுக்குப் பாலும் மோரும் இருந்தன. மிச்சத்தை விற்றால் கையில் நாலு காசு நின்றது. பேங்கு புத்தகம் இல்லாத நம் பாட்டிமார்களுக்கு மாடுதான் பேங்கு, கன்றுதான் வட்டி. மகள் கல்யாணமா, மகனுக்கு டவுன் பள்ளியில் இடமா, "ஒரு மாட்டை வித்துடலாம்" என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது.

பால் மட்டுமா? சாணம் தரையை மெழுகியது, காய்கறித் தோட்டத்துக்கு எருவானது, வரட்டியாகி அடுப்பெரித்தது. திருவிழாவில் முழங்கிய தப்பும், கச்சேரியில் ஒலித்த மிருதங்கமும் விலங்குத் தோலால் ஆனவையே. நம்மவர்கள் கொண்டுவந்த இந்திய மாடுகளின் வழிவந்த இனத்தைக் கால்நடை வல்லுநர்கள் 'உள்நாட்டு இந்தியக் கறவை மாடு' என்றே தனிப்பெயரிட்டுக் குறிப்பிடுகிறார்கள். நம் முன்னோர் இந்நாட்டுக்கு உழைப்பை மட்டுமல்ல, ஒரு மாட்டினத்தையும் தந்தார்கள் என்றால் அது மிகையாகாது.

பிறகு என்ன ஆயிற்று? சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் ஷா ஆலம் எழுந்தது. 1978-இல் அது சிலாங்கூரின் தலைநகரானது. சீபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயா வந்தது. பிராங் புசார் தோட்டத்தில் 1990-களில் புத்ராஜெயா எழுந்தது. நாடு வளர்வது நல்லதே. ஆனால் லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போன குடும்பம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போகலாம். மாட்டை எந்த மாடியில் கட்டுவது? வேலைக்கும் வீட்டுக்கும் நஷ்டஈடு பேசினார்கள். மேய்ச்சல் நிலம் போனதால் நின்றுபோன அந்த இரண்டாவது வருமானத்தை யார் கணக்கில் எழுதினார்கள்? நகரத்துக்கு வந்த நம்மவர்களில் பலரின் வறுமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இன்றும் கிள்ளான், காப்பார் பக்கம் சாலையோரத்தில் மாடுகள் நடமாடுவதைக் காண்கிறோம். காரில் போகிறவர்கள் கோபப்படுகிறார்கள். விபத்து நேராமல் மாட்டைக் கட்டிவைப்பது சொந்தக்காரரின் கடமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மாடு நம் சாலைக்கு வரவில்லை, அதன் புல்வெளிக்குத்தான் நம் சாலை வந்தது என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

மாணவமணிகளே, பெட்டியில் வரும் பாலைக் குடியுங்கள், உடம்புக்கு நல்லது. அதோடு இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியிடம் போய், "நம்ம வீட்டுல மாடு இருந்துச்சா? அதுக்கு என்ன பேரு? அதை வித்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத நம் வரலாறு அந்தப் பதிலில்தான் இருக்கிறது. பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.