அமால்ஃபி: ஒரு காற்புள்ளி செய்த பிழை



சென்ற ஜூன் விடுமுறையில் குடும்பத்தினருடன் இத்தாலி நாட்டுக்குச் சென்றிருந்தேன். சலேர்னோ துறைமுகத்திலிருந்து படகேறி அமால்ஃபி என்னும் கடற்கரை ஊரை அடைந்தோம். செங்குத்தான மலைக்கும் கடலுக்கும் இடையே, உள்ளங்கையளவு நிலத்தில் வீடுகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. மக்கள்தொகை ஏறத்தாழ 5,000 மட்டுமே. ஆயினும் இவ்வூரின் வரலாறு சிறியதன்று.

வெனிஸ், ஜெனோவா, பீசா ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் நான்கு கடல் வணிகக் குடியரசுகளுள் அமால்ஃபியும் ஒன்று. 9ஆம் நூற்றாண்டில் தன்னாட்சி பெற்ற இவ்வூரின் வணிகர்கள் எகிப்துடனும் கான்ஸ்டான்டிநோபிளுடனும் வாணிகம் செய்தனர். இங்குள்ள பேராலயத்தின் வெண்கலக் கதவுகள் 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் வார்க்கப்பட்டுக் கடல் வழியே கொண்டுவரப்பட்டவை. எருசலேமில் யாத்திரிகர்களுக்கு மருத்துவமனை நிறுவியவர்களும் இவ்வூர் வணிகர்களே. கடல் வாணிகத்திற்கென அமால்ஃபி சட்டத்தொகுப்பு ஒன்றும் உருவாயிற்று. அதன் பழைய படி ஒன்று 1929ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவிலிருந்து ஊர் திரும்பியது.

இத்தகைய சிறப்பு நிலைக்கவில்லை. 1073இல் நார்மானியர் ஊரைக் கைப்பற்றினர். 1135, 1137ஆம் ஆண்டுகளில் பீசாவின் படைகள் கொள்ளையிட்டன. 1343 நவம்பரில் எழுந்த பேரலைகள் துறைமுகத்தையும் தாழ்ந்த பகுதிகளையும் விழுங்கின. கப்பல் கட்டிய பழைய கூடத்தின் எஞ்சிய பகுதியை இன்றும் காணலாம். அதன் மறுபாதி கடலுக்குள் போய்விட்டது.

இனி, நான் எழுத வந்த செய்திக்கு வருகிறேன்.

படகை விட்டு இறங்கியதும், துறைமுகத்திற்கு அருகிலுள்ள சதுக்கத்தில், கையில் திசைகாட்டியுடன் ஒருவர் சிலையாக நிற்கிறார். பெயர் ஃபிளாவியோ ஜோயா. சதுக்கத்திற்கும் அவர் பெயரே. அவரைக் கண்டதும் பழைய நண்பரைக் கண்டதுபோல் மகிழ்ந்தேன். ஏனெனில், திசைகாட்டியைக் கண்டுபிடித்தவர் அமால்ஃபியைச் சேர்ந்த ஃபிளாவியோ ஜோயா என்று ஒரு பொது அறிவு நூலில் படித்து, பல்லாண்டுகளாக என் மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். புதிர்ப் போட்டியில் வினாவாகவும் கேட்டிருக்கிறேன்.

அன்றிரவு அவரைப் பற்றி மேலும் அறிய முற்பட்டபோதுதான் உண்மை விளங்கியது. அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை!

நடந்தது இதுதான். 15ஆம் நூற்றாண்டில் ஃபிளாவியோ பியோந்தோ என்னும் வரலாற்றாசிரியர், கடற்பயணத்தில் காந்தத்தைப் பயன்படுத்தும் முறை அமால்ஃபி மக்களால் கண்டறியப்பட்டது என்னும் கருத்தைப் பதிவு செய்தார். 1511இல் ஜம்பத்திஸ்தா பியோ என்னும் அறிஞர் இலத்தீனில் அதைச் சுருக்கி எழுதுகையில், இச்செய்தி ஃபிளாவியோவால் கூறப்படுகிறது என்று முடித்தார். பின்வந்தோர் காற்புள்ளியை இடம் மாற்றிப் படித்தனர். "ஃபிளாவியோவால் கூறப்படுகிறது" என்பது "ஃபிளாவியோவால் கண்டறியப்பட்டது" என்றாயிற்று. செய்தியைச் சொன்னவர் கருவியைக் கண்டவராகிவிட்டார்! அந்நூற்றாண்டின் இறுதியில் மற்றோர் எழுத்தாளர் அவர் பிறந்த ஊர் ஜோயா என்று சேர்த்தார். பிறகு 1302 என்று ஆண்டும் சேர்ந்தது. காலப்போக்கில் சிலை எழுந்தது. நிலவின் வட துருவத்திற்கு அருகிலுள்ள ஒரு பள்ளத்திற்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமோத்தேயோ பெர்தெல்லி என்னும் பாதிரியார் பழைய நூல்களை ஒப்புநோக்கி ஆராய்ந்து, இக்கதைக்கு அடிப்படையில்லை எனக் காட்டினார்.

திசைகாட்டியின் வரலாறோ வேறு. காந்த ஊசியைப் பற்றிச் சீன அறிஞர் ஷென் குவோ 1088ஆம் ஆண்டளவில் எழுதிவிட்டார். கப்பலில் அது பயன்பட்ட செய்தியும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சீன நூலில் உள்ளது. ஐரோப்பாவில் அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் அலெக்சாண்டர் நெக்கம் அதைக் குறிப்பிட்டுள்ளார். ஊசியைப் பெட்டிக்குள் பொருத்திக் கடலோடிகளுக்கு ஏற்றவாறு செம்மைப்படுத்தியதில் அமால்ஃபியினருக்குப் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

ஊர் திரும்பியதும் வகுப்பில் கரும்பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதினேன்: கவிதை எழுதியவர் வளவன் சொன்னார் மாறன். காற்புள்ளி இடுமாறு கூறினேன். பாதிப் பேர், "கவிதை எழுதியவர் வளவன், சொன்னார் மாறன்" என்றனர். மீதிப் பேர், "கவிதை எழுதியவர், வளவன் சொன்னார், மாறன்" என்றனர். கவிஞர் யார் என்று வகுப்பே இரண்டுபட்டது. அதன்பின் அமால்ஃபியின் கதையைச் சொல்லி, நான் முன்பு கற்பித்தது தவறு என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அப்படியானால் அந்தச் சிலையை எடுத்துவிட்டார்களா?" என்று கேட்டாள். இல்லை, இன்றும் நிற்கிறது என்றேன். "பொய் என்று தெரிந்துமா?" என்றாள். பெயரறியாத எத்தனையோ கடலோடிகளின் நினைவாக அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். என் விடை அவளுக்கு நிறைவளிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த நிறைவின்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நிறுத்தற்குறிகள் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு உரியவை என்றே பிள்ளைகள் எண்ணுகின்றனர். நாமும் அவ்வாறே நடத்துகிறோம். இல்லாத ஒரு மனிதரை நானூறு ஆண்டுகள் வாழவைக்க ஒரு காற்புள்ளியால் முடிந்திருக்கிறது. அது இத்தனை காலம் நீடித்தமைக்கு, மூலத்தைப் பாராமல் ஒருவர் எழுதியதை மற்றவர் அப்படியே எடுத்தாண்டதே காரணம். அவ்வரிசையின் கடைசியில் நானும் நின்றிருந்தேன் என்பதை எண்ணும்போது நாணமாக உள்ளது.

என்னிடம் முன்பு பயின்ற மாணவர்களின் பெற்றோர் எவரேனும் இதைப் படித்தால், தங்கள் பிள்ளைகளிடம் இத்திருத்தத்தைத் தெரிவிக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.